பையில் ஐந்து லென்ஸ்

கிளம்புவதற்கு முந்தைய இரவு

சமையலறைத் தராசைக் கட்டில்மேல் வைத்து லென்ஸ்களை ஒவ்வொன்றாக எடை போட்டேன். பெயரில் முதலில் வருவது மி.மீ. கணக்கில் ஃபோகல் லெங்த்: எண் சிறிதானால் அகலமான காட்சி, பெரிதானால் தூரத்தைக் கிட்டே இழுக்கும். எஃப் எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம் உள்ளே வரும். 16-35 எஃப் 4, 615 கிராம். 24-70 எஃப் 2.8, 805. 50 எஃப் 1.8 வெறும் 160. மிக நெருங்கி எடுக்கிற 100 மேக்ரோ 625. கடைசியாக 100-400, தராசை அழுத்திக்கொண்டு 1,570. கூட்டினால் 3,775 கிராம். பாடி (லென்ஸ் இல்லாத கேமரா), பேட்டரி, சார்ஜர், ட்ரைபாட் எல்லாம் இனிமேல்தான். என் மாற்றுத்துணி மொத்தமும் அந்த 100-400 அளவுக்குக்கூட வராது.

அக்கா நிலைப்படியில் சாய்ந்து வேடிக்கை பார்த்தாள். "என்னடா, பொறந்த குழந்தைக்கு எடை பாக்குற மாதிரி பாத்துக்கிட்டிருக்க? அத்தனையும் வருதா?"

"வருது."

"ஒரு மூடியக்கூட நான் தூக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

நியாயம்தான். ஆனால் இந்தமுறை ஒரு காரணம் இருக்கிறது. ஒரு ஃபோட்டோகிராஃபருக்கு எத்தனை லென்ஸ் வேண்டும் என்று யாராவது கேட்டால், "நீங்க என்ன எடுக்கிறீங்கங்கிறதைப் பொறுத்தது" என்று சொல்லியே இத்தனை நாளும் தப்பித்து வந்திருக்கிறேன். பதிலில் தப்பில்லை. அதை வைத்துக்கொண்டு எனக்கே ஒரு பை கட்டத் தெரியவில்லை என்பதுதான் சிக்கல். எட்டு நாள் பயணம், ஐந்து லென்ஸையும் சுமந்துகொண்டு போய், எது உழைத்தது, எது சும்மா சவாரி செய்தது என்று தினமும் இரவு எழுதிவிடப் போகிறேன்.

இன்று மாலையே ஒரு கணக்குப் பார்த்தேன். கேமரா எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் எந்த லென்ஸ், எந்த ஃபோகல் லெங்த், என்ன அப்பெர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துளையின் அளவு, அதைத்தான் எஃப் எண் சொல்கிறது) என்ற விவரம் பதிவாகி இருக்கும். எக்ஸிஃப் என்பார்கள். இரண்டு வருடப் படங்களை அதை வைத்து லென்ஸ் வாரியாகப் பிரித்தால் 100-400 முதலிடம். பரவாயில்லையே, சுமந்ததற்குப் பலன் என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. பறவை எழும்பும்போது பட்டனை அழுத்திப் பிடித்தால் இரண்டு விநாடியில் இருபது படம் விழுகிறது. அந்த எண்ணிக்கை என் விரலின் பதற்றத்தைத்தான் காட்டுகிறது. நட்சத்திரக் குறி போட்டு வைத்த நல்ல படங்களை மட்டும் வடிகட்டினால் வரிசையே மாறி 50 மேலே ஏறி வந்துவிட்டது.

24-70 விஷயம் இன்னும் வேடிக்கை. அதில் எடுத்ததில் பாதிக்கு மேல் சரியாக 24-இல் அல்லது சரியாக 70-இல். இடையில் இருப்பதெல்லாம் ரயில் நிற்காத ஸ்டேஷன்கள் மாதிரி. 24-இல் நின்றபோது இன்னும் அகலம் வேண்டும் என்று தவித்திருக்கிறேனா, 70-இல் இன்னும் நீளம் வேண்டும் என்று தவித்திருக்கிறேனா, அல்லது யோசிக்காமல் வளையத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருகியிருக்கிறேனா? கடைசியாகச் சொன்னதுதான் உண்மையாக இருக்கும் என்று எனக்கு உள்ளுக்குள் தெரியும்.

முதல் நாள்

நாள் முழுக்க ரயில். ஓடுகிற வண்டியின் ஜன்னலில் லென்ஸ் மாற்ற நேரமே கிடையாது. 24-70 ஒன்றுதான் வேலை செய்தது, நன்றாகவே செய்தது. பாலம் வந்தால் அகலம், தூரத்தில் ஒற்றை மரம் வந்தால் 70. கண்ணாடியில் உள்விளக்கு எதிரொளிக்காமல் இருக்க லென்ஸின் முகப்பைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து, சுற்றிலும் துண்டைப் பொத்திக்கொண்டேன். ஷட்டர் வேகம் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அப்படியும் தண்டவாளத்துப் பக்கத்துப் புல் கோடு கோடாக இழுபட்டுத்தான் வருகிறது.

மற்ற நாலும் மேலே பலகையில் தூங்கின. ஒரே லென்ஸ்தான் கொண்டுபோகலாம் என்றால் இதுதான் என்று இன்றைக்கு எழுதி வைக்கிறேன். நாளைக்கு என்ன சொல்வேனோ.

இரண்டாம் நாள்

மலை. அதிகாலையில் முகட்டுக்கு ஏறி நின்றால் மடிப்பு மடிப்பாக ஏழெட்டு மலைத்தொடர்கள், ஒவ்வொன்றும் முந்தையதைவிட வெளிறிய நீலம். கண் கொள்ளாத காட்சி. கை தானாகவே 16-35-ஐத்தான் எடுத்தது. இவ்வளவு பெரிய காட்சி, இருப்பதிலேயே அகலமான லென்ஸ். பொருத்தம்தானே?

திரையில் பார்த்தால் எறும்புப் புற்று வரிசை. முக்கால்வாசி வானம், கீழே கால்வாசி என் காலடிக் கல்லும் புல்லும், நடுவில் ஒரு கோடு. அந்தக் கோடுதான் அத்தனை மலையும்!

பல வருடமாக இந்தத் தப்பைச் செய்துவருகிறேன், ஒவ்வொரு தடவையும் புதிதாக ஏமாறுகிறேன். 16 மி.மீ. மூலைக்கு மூலை 107 டிகிரியை உள்ளே இழுக்கிறது. அத்தனையையும் அதே சட்டத்துக்குள் அடக்க வேண்டுமென்றால் தூரத்தில் இருப்பது குறுகித்தான் ஆகவேண்டும். வைட் லென்ஸ் பக்கத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும். காலடியில் ஒரு பாறை, அதன்மேல் பாசி, பாசியிலிருந்து ஓடுகிற பார்வை கடைசியில் மலையில் போய் முடிகிறது, இப்படி ஒரு படம் மனதில் இருந்தால் அது சரியான லென்ஸ். 'எல்லாத்தையும் உள்ள கொண்டு வந்துடணும்' என்று எடுத்தால் எல்லாம் வரும், படம் வராது.

100-400-ஐ மாட்டி 300 பக்கம் வைத்துப் பார்த்ததும் மலைகள் எழுந்து நின்றன. ஒன்றன் முதுகில் ஒன்று சாய்ந்தமாதிரி நெருக்கம். இடையில் பள்ளத்தாக்குப் பனி.

இப்படி நீளமான டெலி லென்ஸ் தூரத்தைச் 'சுருக்கிவிடும்' என்று சொல்கிறோமே, அதை இன்று இரவு சோதித்துப் பார்த்தேன். காலையில் ஒரே இடத்தில் நின்று 35-இலும் 100-இலும் எடுத்த இரண்டு படங்கள் இருந்தன. 35 படத்தில் அதே பகுதியை மட்டும் வெட்டி எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்தேன். மலைக்கும் மலைக்கும் உள்ள உறவில் ஒரு வித்தியாசமும் இல்லை. நெருக்கம் லென்ஸிலிருந்து வரவில்லை. நான் நின்ற தூரத்திலிருந்து வருகிறது, லென்ஸ் எந்தத் துண்டை வெட்டிக்கொள்வது என்று மட்டுமே முடிவு செய்கிறது. ஆனால் வெட்டியதில் 24 மெகாபிக்சல் போய் மூன்றுக்கும் குறைவாகத்தான் மிஞ்சியது. கைப்பேசியில் பார்க்கப் போதும், சுவரில் மாட்டப் போதாது.

'நாலடி முன்னால் போனால் போச்சு, ஜூம் எதற்கு' என்று கேட்பவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. முன்னால் போனால் தூரம் மாறுகிறது, தூரம் மாறினால் படமே வேறு. தவிர, நான் நின்ற இடத்துக்கு நாலடி முன்னால் வெறும் பள்ளம்.

மூன்றாம் நாள்

பாழடைந்த கோட்டை ஒன்று. உள்ளே தாழ்ந்த கூரையோடு ஒரு தூண் மண்டபம். முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றாலும் 24-இல் பாதித் தூண்கள்தான் வருகின்றன. பின்னால் போக இடமில்லாத இடத்துக்கென்றே பிறந்தது 16. கேமராவைத் துளியும் அண்ணாந்து பார்க்க விடாமல் மட்டமாக வைத்தேன். சற்றுச் சாய்ந்தாலும் தூண்களெல்லாம் உச்சியில் ஒன்றையொன்று பார்த்துச் சாய ஆரம்பித்துவிடும்.

50-ஐ வைத்துப் பல துண்டுகளாக எடுத்து ஒட்டினால் வைட் லென்ஸே தேவையில்லை என்ற வாதம் எனக்கும் பிடித்த வாதம். வெளியே, தூரத்துக் காட்சிக்கு அது அழகாக ஒட்டுகிறது. மண்டபத்துக்குள் சொதப்பிவிட்டது. கேமராவைத் திருப்பும்போது பக்கத்துத் தூண் பின்னால் உள்ள தூணைவிட்டு நகர்ந்துவிடுகிறது. ஒட்டுகிற இடத்தில் ஒரு தூணுக்கு இரண்டு இடுப்பு.

வெளிமுற்றத்துக்கு வந்தோம். பலத்த காற்று. மதில்மேல் ஒரு கீரிப்பிள்ளை தலையை நீட்டிப் பார்த்தது. பாடியில் இருந்தது 16-35. இனி நடந்ததை மெதுவாகச் சொல்கிறேன்.

பையின் ஜிப்பைத் திறந்து 100-400-ஐ எடுத்தேன். அதன் பின்மூடியைக் கழற்ற வேண்டும், இடது கையில் பாடி இருக்கிறது. லென்ஸை அக்குளில் இடுக்கிக்கொண்டு மூடியைத் திருகி வாயில் கவ்விக்கொண்டேன். பாடியிலிருந்து 16-35-ஐக் கழற்றியாகிவிட்டது, அதை எங்கே வைப்பது? முழங்காலை மடக்கித் தொடைமேல் வைத்தேன், உருளப் பார்த்தது. படம் பதிகிற சென்சார் இருக்கும் பெட்டி ஆவென்று திறந்து கிடக்க, காற்று மண்ணை வாரி இறைக்கிறது. லென்ஸில் இருக்கும் வெள்ளைப் புள்ளியைப் பாடியில் இருக்கும் புள்ளியோடு சேர்த்துத் திருக வேண்டும், நான் சிவப்புப் புள்ளியைத் தேடிக்கொண்டிருந்தேன். 'க்ளிக்' என்று உட்கார்ந்ததும் நிமிர்ந்து பார்த்தால் மதில் மட்டும் இருந்தது.

"எடுத்துட்டியா, இல்ல இன்னும் மாட்டிக்கிட்டே இருக்கியா?" என்றாள் அக்கா. வாயில் மூடி இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. நல்லவேளை.

இந்த வேலைக்கு மூன்று கை வேண்டும், ஆண்டவன் இரண்டுதான் கொடுத்திருக்கிறான். லென்ஸ் கூடக்கூட வாய்ப்பும் கூடும் என்றுதான் கணக்குப் போடுகிறோம். கையில் மாட்டியிருக்கும் லென்ஸ் தவிர மற்றதெல்லாம் அந்த நொடியில் எடை மட்டும்தான். அதைவிட மோசம், இப்போது எதை மாட்டலாம் என்று ஓடிக்கொண்டே இருக்கும் யோசனை. ஐந்து இருந்தால் அது ஓயவே ஓயாது.

கூலியும் கிடைத்தது. மாலையில் எஃப் 16-இல் எடுத்த வானத்தில் ஏழு கறுப்புப் புள்ளிகள். சென்சார்மேல் தூசு. அப்பெர்ச்சரைத் திறந்து எடுத்த படங்களில் அது கரைந்து தெரியாமல் போகும், எஃப் 11, 16 என்று சுருக்கினால் நிழல் கூர்மையாக விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். ரப்பர் ஊதியால், பாடியைக் கவிழ்த்துப் பிடித்து நாலு ஊது. ஆறு போய்விட்டது. ஏழாவது இந்தப் பயணம் முழுக்க என்னோடு வரப்போகிறது. வாயால் ஊதிவிடாதீர்கள், தூசுக்குப் பதில் எச்சில் ஒட்டிக்கொள்ளும்.

நான்காம் நாள்

சதுப்பு நிலம். இருட்டோடு போய் நாணல் மறைவில் உட்கார்ந்தோம். இன்று லென்ஸ் மாற்றும் பேச்சே இல்லை, 100-400 மட்டும். ஒரே ஒரு லென்ஸோடு உட்கார்ந்தால் மனம் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பதும் இன்றுதான் தெரிந்தது.

மனம் அமைதி, ஆசை இல்லை. 400-இல் மூலைக்கு மூலை ஆறு டிகிரிதான் தெரிகிறது. அப்படியும் அக்கரை நாரைக் கூட்டம் அரிசி சிந்தின மாதிரி. உடனே புத்தி 600 இருந்திருந்தால் என்று ஓடுகிறது. லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவே 1.4 மடங்கு டெலிகன்வெர்ட்டர் போட்டால் 560 ஆகும், ஆனால் ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம் போய் எஃப் 5.6 எட்டாகிவிடும். விடிந்தும் விடியாத நேரத்தில் அந்த ஒரு ஸ்டாப் உயிர்.

வெயில் ஏறியதும் இந்த ஆசைக்கும் ஒரு முடிவு வந்தது. தண்ணீருக்குமேல் சூடான காற்று நெளிய ஆரம்பித்தது. தூரத்துப் பறவை எதுவும் கூர்மையாக விழவில்லை, எத்தனை தடவை ஃபோகஸ் செய்தாலும் தண்ணீருக்குள் பார்க்கிற மாதிரிதான். ஆயிரம் மி.மீ. இருந்திருந்தால் நெளிவைத்தான் பெரிதாக எடுத்திருப்பேன். நாங்கள் அசையாமல் இருந்ததில் ஒரு சின்னக் கொக்கு பத்தடிக்குள் வந்து நின்றது. அப்போது 400 அதிகமாகிப்போய் 200-க்கு இறங்க வேண்டியிருந்தது.

இருந்தாலும் ஒன்று. பறவை எடுக்கிறவர்களிடம் போய் 'ஒரு 50 போதும், மற்றதெல்லாம் ஆடம்பரம்' என்று உபதேசம் செய்பவர்கள் நாணலுக்குள் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்துவிட்டு வரட்டும். நெருங்க நெருங்கப் பறந்துவிடுகிற ஒன்றை எடுக்க நீளமான லென்ஸ்தான் வேண்டும், வேறு வழியே கிடையாது.

ஐந்தாம் நாள்

மழை. போதாததற்கு நானே ஒரு முட்டாள்தனமும் செய்தேன். நேற்று இரவு பையை வெளித்திண்ணைக் குளிரிலேயே விட்டுவிட்டேன். காலையில் அதைக் கதகதப்பான அறைக்குள் கொண்டுவந்து அவசரமாகத் திறந்ததும், நாலு லென்ஸும் ஒரே நேரத்தில் வியர்த்துவிட்டன. குளிர்ந்த கண்ணாடியில் ஈரக்காற்று பட்டால் அப்படித்தான். பையை மூடியபடியே ஓர் ஓரமாக வைத்து, உள்ளே இருப்பது அறைச் சூட்டுக்கு வரும்வரை காத்திருந்திருக்க வேண்டும். துடைக்கவில்லை, தானாகக் காயட்டும் என்று விட்டேன். மாலைக்குள் தெளிந்துவிட்டன.

50 மட்டும் பாடியோடு அறைக்குள்ளேயே இருந்ததால் தப்பித்தது. ஆக, இன்றைக்கு ஒரே லென்ஸ், என் விருப்பத்தில் இல்லை.

தங்கியிருந்த வீட்டுப் பெரியவர் ஜன்னலோரம் உட்கார்ந்து குடை ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்தார். கம்பி ஒன்று மூட்டில் கழன்றிருந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மெல்லிய கம்பியை ஊசிமாதிரி துளையில் நுழைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். "எடுத்துக்கட்டுமா ஐயா?" என்று கேட்டேன். "குடையத்தானே? எடுத்துக்கங்க" என்றார், நிமிராமல்.

மேகமூட்டத்து ஜன்னல் வெளிச்சம், வேறு விளக்கில்லை. எஃப் 1.8, ஷட்டர் நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 800. விரல் நுனியும் கம்பி மூட்டும் மட்டும் கூர்மை, அவர் முகம் கரைய ஆரம்பிக்கிற இடத்தில். இதையே என் எஃப் 4 லென்ஸில் எடுத்திருந்தால் ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ளே வந்திருக்கும், ஐஎஸ்ஓ 4000-க்கு ஏறியிருக்க வேண்டும். 100-400-இன் எஃப் 5.6 என்றால் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. இருப்பதிலேயே இலேசான, 160 கிராம் பிளாஸ்டிக் டப்பா இந்த இடத்தில் மற்ற நாலையும் உட்கார வைத்துவிடுகிறது.

மழை விடாததால் படித்ததையெல்லாம் அசைபோட்டுக்கொண்டிருந்தேன். 1925-இல் வந்த முதல் லைக்கா கேமராவில் லென்ஸைக் கழற்றவே முடியாது. 50 மி.மீ. எஃப் 3.5 ஒன்று, பாடியோடு பிறந்தது. மாற்றிக்கொள்ளும் வசதி 1930-இல்தான் வந்தது. அந்த வசதி வந்த பிறகும் பிரெஞ்சு ஃபோட்டோகிராஃபர் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் பெரும்பாலும் 50-ஐ விட்டு நகரவில்லை. அமெரிக்கத் தெருக்களைப் படமெடுத்த விவியன் மேயரின் கழுத்தில் தொங்கிய ரோலைஃப்ளெக்ஸ் கேமராவிலும் லென்ஸ் மாற்ற வழி கிடையாது. அவர் தெருத்தெருவாக எடுத்துத் தள்ளியதில் நிறைய அப்படி வந்ததுதான்.

இந்தப் பெயர்களைக் காட்டி 'ஒரே லென்ஸ் போதும்' என்று முடித்துவிடுவது சுலபம். நானும் சில வருடம் அப்படிப் பேசிக்கொண்டு திரிந்தவன்தான். அவர்கள் எடுத்தது மனிதர்களை, தெருவில், பேச்சுக்கு எட்டும் தூரத்தில். அந்தத் தூரத்துக்கு 50 எட்டும். அவர்களுக்கு ஒரு லென்ஸ் போதுமானதாக இருந்ததற்கு முன்னால், ஒரே வேலை போதுமானதாக இருந்திருக்கிறது. எனக்கு மலையும் வேண்டும், கொக்கும் வேண்டும், பெரியவரின் விரலும் வேண்டும். கோளாறு பையில் இல்லை என்று தோன்றுகிறது.

ஆறாம் நாள்

மழை விட்ட காலை. புல் நுனியெல்லாம் துளி. மேக்ரோவை இத்தனை நாளும் வெளியே எடுக்கவில்லை, பாவம் என்று மாட்டினேன். ஒன்றுக்கு ஒன்று அளவில், அதாவது பொருளின் நிஜ அளவே சென்சாரில் விழும்போது, 36-க்கு 24 மி.மீ. உள்ள ஒரு சின்னச் செவ்வகம் படம் முழுக்க நிறைந்துவிடும். அத்தனை நெருக்கத்தில் எஃப் 8 வைத்தாலும் கூர்மையாக வருவது ஒரு மில்லிமீட்டர் ஆழம்தான். மூச்சு விட்டால் ஃபோகஸ் போய்விடும்.

"நான் ஒண்ணு பாக்கட்டுமா" என்று அக்கா வந்தாள். கழுத்தில் மாட்டிவிட்டேன். ஃபோகஸ் வளையத்தைத் தொடாதே, உடம்பையே முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டு, துளி தெளிகிற நொடியில் அழுத்து என்று சொன்னேன். ஈரப்புல்லில் முழங்கால் போட்டவள்தான். சத்தமே இல்லை. பத்து நிமிஷம் கழித்து, "டேய், இதுக்குள்ள வீடு தலைகீழா தெரியுதுடா" என்றாள்.

துளியும் ஒரு லென்ஸ்தான், பின்னால் இருப்பதைக் கவிழ்த்துக் காட்டும் என்று விளக்கினேன். "அப்ப ஆறாவது லென்ஸ் இது. எடையும் கிடையாது" என்று சொல்லிவிட்டு அடுத்த புல்லுக்கு நகர்ந்தாள். வெயில் வந்து துளிகள் வற்றும்வரை கேமரா என் கைக்கு வரவில்லை.

புல்வெளியில் சும்மா உட்கார்ந்து நான் போட்ட கணக்கு இது. மேக்ரோ 625 கிராம். அதற்குப் பதில் எக்ஸ்டென்ஷன் ட்யூப் வைத்துக்கொள்ளலாம். உள்ளே கண்ணாடியே இல்லாத வெறும் வளையம், லென்ஸைச் சென்சாரிலிருந்து தள்ளி உட்கார வைக்கும், அவ்வளவுதான். 50-க்குப் பின்னால் 25 மி.மீ. வளையம் போட்டால் பாதி அளவு உருவம் கிடைத்துவிடும், 50 மி.மீ. போட்டால் முழு அளவு. பொருளுக்கு ரொம்ப நெருங்க வேண்டியிருக்கும், தும்பி பறந்துவிடும், துளி எங்கேயும் போகாது. வருடத்துக்கு இரண்டு தடவை எடுக்கிற எனக்கு அதுவே தாராளம். மேக்ரோவை விற்றுவிடலாம் என்று இன்று முடிவு செய்துவிட்டேன்.

ஏழாம் நாள்

கடைசி நடை. பெரிய பையை அறையில் விட்டுவிட்டு 16-35-ஐப் பாடியில் மாட்டி, 50-ஐச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். தோள் நன்றி சொன்னது. ஓடை ஓரம் கீழே படுத்து, கல்லைப் பக்கத்தில் வைத்து, இரண்டாம் நாள் வராத மலைப் படத்தை 16-இல் எடுத்தேன். இப்போது வந்தது.

திரும்பும் வழியில் எதிர்ச்சரிவில் மான் இரண்டு, அந்தி வெயில் முதுகில் விழ, கொம்பு பொன்னாக எரிய நின்றன. சட்டைப்பையில் இருப்பது 50. கண்ணால் பார்த்ததே போதும் என்று எழுத ஆசைதான். போதவில்லை. வயிற்றைப் பிசைந்தது, இன்னும் பிசைகிறது.

அறைக்கு வந்து இரவில் இதை எழுத உட்கார்ந்தபோதுதான் 24-70 என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வந்தது. நாள் முழுக்க ஒரு தடவைகூட அதை நினைக்கவில்லை. இல்லாதபோது வயிற்றைப் பிசைகிற லென்ஸ் ஒன்று, இல்லை என்பதே தெரியாத லென்ஸ் ஒன்று. எடுத்த படங்களை எண்ணுவதைவிட இது நம்பகமான கணக்காகப் படுகிறது.

வானம் கழுவிவிட்டமாதிரி இருந்ததால் நட்சத்திரமும் எடுத்தேன். 500-ஐ ஃபோகல் லெங்த்தால் வகுத்தால் வருவது எத்தனை விநாடி திறந்து வைக்கலாம் என்ற உத்தேசக் கணக்கு. 16-க்கு 31, 50-க்கு 10. நான் இருபது விநாடியோடு நிறுத்தினேன், அதற்குமேல் போனால் புள்ளி கோடாகத் தொடங்குகிறது. எஃப் 4 இதற்குக் கொஞ்சம் மந்தம்தான். அதற்காக ஆறாவது ஒன்றைத் தேட மாட்டேன்.

எட்டாம் நாள்

மறுபடி ரயில். எட்டு நாளில் எடுத்ததையெல்லாம் சலித்து 42 படம் வைத்திருக்கிறேன். 50-இல் 13. 16-35-இல் ஒன்பது, 100-400-இல் ஒன்பது. மேக்ரோவில் ஆறு. 24-70-இல் ஐந்து, ஐந்தும் முதல் நாள் ஜன்னல் படங்கள்.

அக்கா கைப்பேசியில் படங்களைத் தள்ளிக்கொண்டே, "பத்துப் படம் காட்டுறேன், எது எந்த லென்ஸுன்னு பாக்காம சொல்லு" என்றாள். எனக்கா பரீட்சை என்று உட்கார்ந்தேன். நாலு தப்பு. மலைமடிப்பு, மண்டபம், துளி மாதிரிச் சுலபமானவை சரி. தப்பியதெல்லாம் நடுத்தரமானவை. 50 என்று சத்தியம் செய்த பாலத்துப் படம் 24-70-இல், 48 மி.மீ.-இல் எடுத்தது. எஃப் 5.6-க்குச் சுருக்கி நல்ல வெளிச்சத்தில் எடுத்தால் அது இதுவா, இது அதுவா என்று எடுத்தவனுக்கே தெரியவில்லை. "எடுத்த உனக்கே தெரியலன்னா பாக்குறவங்களுக்கு எப்படிடா தெரியும்?" என்றாள்.

அடுத்த பயணத்துக்கு 24-70 வீட்டில் இருக்கும். முதல் நாள் நான் எழுதியதைப் படித்துவிட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கலாம். கல்யாண வீட்டில், ஓடியாடும் குழந்தைகளை எடுக்க அதை அடித்துக்கொள்ள ஆளில்லை, அதனால் விற்க மாட்டேன். இப்படி நடந்து சுற்றும் பயணத்தில் அது என்னை நின்ற இடத்திலேயே நிற்க வைக்கிறது. 35-க்கும் 50-க்கும் நடுவே இடைவெளி, 50-க்கும் 100-க்கும் நடுவே பெரிய இடைவெளி, இருந்துவிட்டுப் போகட்டும். அந்த இடைவெளியில் விழுந்து தொலைந்த படம் ஒன்றுகூட எனக்கு ஞாபகமில்லை. ஆக 16-35, 50, பறவை உண்டென்றால் 100-400. மொத்தம் 2,345 கிராம். பறவை இல்லாத ஊருக்கு 775-தான்.

இதை அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். மூணு லென்ஸ், ஒரு வளையம், மேக்ரோவை விற்றுவிடப் போகிறேன்.

கைப்பேசியிலிருந்து நிமிர்ந்தாள். "எது, அந்தத் துளி எடுத்ததா?"

"ஆமா."

மேக்ரோ படம் ஆறில் நாலு அவள் எடுத்தவை. அதை நான் அப்போது யோசிக்கவில்லை.

"அத விக்காத. அடுத்த தடவ நான் தூக்கிக்கிறேன்" என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "அதுக்கு ஒரு பாடியும் வேணும்ல?"